யார் தட்டிலிருந்து குறைப்பது?

கடன்பட்டவர் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதில்லை. ஆனால் அந்தக் குறைப்பு வீட்டில் யார்மேல் விழ வேண்டும், அதை யார் முடிவு செய்ய வேண்டும், கைக்கு வரும் பணத்தை யாருக்கு முதலில் திருப்பித் தர வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும், எளிய கணக்காகத் தோன்றியது அறக் கேள்வியாகிவிடுகிறது. சிக்கனத்தைத் தனிமனிதக் குணமாக மட்டும் காணும் அறிவுரைகள் இந்தக் கேள்விகளைத் தொடுவதே இல்லை. ஒரு வீட்டின் வருமானத்தின்மேல் பலருக்கு உரிமை இருப்பதால், செலவைக் குறைப்பவர் அந்த உரிமைகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று அறிந்தோ அறியாமலோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இக்கேள்வி கூர்மையாக எழும் இடங்களுள் ஒன்று, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரித் தொழில் வட்டாரம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வளர்ந்த பிறகு, கேழ்வரகும் மாந்தோப்பும் சோறு போட்ட நிலம் மாதச் சம்பள நிலமாக மாறியது. அண்மை ஆண்டுகளில் போச்சம்பள்ளியிலும் உத்தனப்பள்ளிப் பக்கத்திலும் எழுந்த புதிய ஆலைகள் அந்த மாற்றத்தை ஊர்ப்புறங்களுக்குள்ளும் கொண்டுசென்றுள்ளன. இங்கே வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அதாவது ஆலையின் சொந்தச் சம்பளப் பட்டியலில் இடம்பெறாமல், ஆள் அனுப்பும் முகவர் வழியே பணிக்கு வருபவர்கள். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் நாள்தோறும் எல்லை கடந்து போய்வருபவர்களும் உண்டு. இவர்களுடைய சம்பளம் ஓ.டி. எனப்படும் மிகைநேர வேலை கிடைப்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆனால் வண்டிக்கும் செல்பேசிக்கும் கட்ட வேண்டிய டியூ ஏறி இறங்குவதில்லை. சம்பளம் வரவானதாகச் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்த சிறிது நேரத்தில் வண்டிக் கடனுக்குப் பிடித்தம், குளிர்பெட்டிக் கடனுக்குப் பிடித்தம், தனிநபர் கடனுக்குப் பிடித்தம் என்று அடுத்தடுத்துச் செய்திகள் வருகின்றன. கணக்கில் போதிய இருப்பு இல்லாவிட்டால் பவுன்ஸ் கட்டணமும் சேர்ந்துகொள்கிறது. உழைத்தவர் ஒரு ரூபாயைக்கூடக் கையால் தொடுவதற்கு முன்பே சம்பளத்தின் பெரும் பகுதி போய்விடுவதால், செலவைப் பற்றிய முடிவு மீந்த தொகையைப் பற்றிய முடிவாக மட்டும் சுருங்கிவிடுகிறது.

மீந்த தொகை போதாதபோது தண்டல் வருகிறது. தண்டல் என்பது நாள்தோறும் வீட்டு வாசலிலோ கடை வாசலிலோ வசூலிக்கப்படும் கடன். 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்கும் ஒரு தண்டலை எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவர் கண்ணுக்கு அது 1,500 ரூபாய்ச் செலவாகத்தான் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் சேர்த்தால், வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடாகிறது. முறையான நிறுவனக் கடனிலும் இதன் சாயல் உண்டு. கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு வட்டி போடாமல், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடுவது நிலை வட்டி எனப்படும். 60,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு நிலை வட்டியில் 24 மாதம் கட்டினால் மாதம் 3,100 ரூபாய் வரும். குறையும் பாக்கியின்மேல் கணக்கிட்டால் அதே வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டும். விலை தெரியாமல் ஒரு பொருளை வாங்கியவரை ஊதாரி என்று ஏசுவது நியாயமன்று. விலையை மறைத்தவரிடம்தான் முதல் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

ஆயினும், கேள்வி அங்கேயே நின்றுவிடுவதில்லை. வரவுக்கும் செலவுக்கும் உள்ள உறவைத் திருவள்ளுவர் வைத்த இடம் சிந்திக்கத்தக்கது. அவர் அதை நல்குரவு அதிகாரத்தில் வைக்காமல், அரசன் தன் வலியும் மாற்றான் வலியும் அறிய வேண்டும் என்று சொல்லும் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அவ்வதிகாரத்தின் கடைசி நான்கு குறள்களும் அளவறிதலைப் பற்றியவை. வருவாய் சிறிதாயிருப்பதால் கேடில்லை, செலவு அதைவிட அகலாதிருந்தால் போதும் என்னும் கருத்தும், பிறருக்கு உதவுவதேயானாலும் இருப்பை எண்ணாமல் செய்தால் செல்வம் விரைந்து தேயும் என்னும் கருத்தும் அங்கேதான் உள்ளன. இந்த வைப்புமுறையின்படி பார்த்தால் அளவோடு செலவிடுவது ஏழைக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஒடுக்கமன்று. தன் நிலையைத் தானே அறிந்து முடிவெடுக்கும் ஆற்றல் அது. அந்த ஆற்றலை ஒருவரிடமிருந்து பறித்துவிட்டுச் சிக்கனத்தை மட்டும் அவர்மேல் சுமத்தினால், அதற்கு அறம் என்ற பெயர் பொருந்தாது.

இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு முயற்சிகள் சான்றாக உள்ளன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாகக் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. கூலி வாங்கியவர் வீடு சேருமுன் கள்ளுக்கடையில் கரையும் பணம் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டே, 1938-இல், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. பழைய கடன்களின் நிலுவை வட்டியை அது தள்ளுபடி செய்தது. அசலாகவோ வட்டியாகவோ ஒருவர் ஏற்கெனவே அசலைப் போல் இருமடங்கு கட்டியிருந்தால் அந்தக் கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. வீண் செலவை நிறுத்துவதும் வட்டியின் கொடுமையை நிறுத்துவதும் ஒரே ஆட்சியின் இரு கைகளாக அடுத்தடுத்து நீண்டன என்பது குறிப்பிடத்தக்கது. ஒன்றை மட்டும் செய்திருந்தால் பாதி நியாயமே கிடைத்திருக்கும். குறையும் இருந்தது: நிலத்தில் உரிமையோ குத்தகைப் பாத்தியதையோ உடையவரையே அச்சட்டம் விவசாயி என வரையறுத்ததால், ஒரு துண்டு நிலமும் இல்லாத கூலியாளுக்கு அதன் நிழல் எட்டவில்லை. இன்றைய ஆலைத் தொழிலாளி அந்தக் கூலியாளின் வழிவந்தவர் என்றே கொள்ளலாம்.

இரண்டாவது முயற்சி மேலிருந்து வந்த தடையாக இல்லாமல், கீழிருந்து எழுந்த பழக்கமாக அமைந்தது. 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்று ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்ந்து சிறு தொகையைத் தவறாமல் சேமித்து, அந்தச் சேமிப்பிலிருந்தே தம்முள் கடன் கொடுத்து வாங்குவது அதன் அடிப்படை. அந்தக் கூட்டத்தின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அதன் அறம் விளங்கும். பெண்கள் வட்டமாகப் பாயில் உட்கார்ந்திருக்க, நடுவில் பதிவேடு விரிந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். கடன் கேட்பவர் எவ்வளவு, எதற்கு, எத்தனை மாதத்தில் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். காரணத்தைப் பிறர் முன் சொல்லிப் பார்க்கும்போதே, சில தேவைகள் சொல்பவருக்கே தேவையாகத் தோன்றாமல் போகின்றன. வெட்கப்பட்டு மறைத்துவந்த சில தேவைகளோ, எல்லார் வீட்டிலும் இருப்பவைதான் என்று தெரிந்து நிமிர்கின்றன. கடன் வளர்வது இருட்டில்தான். கணவர் வாங்கியது மனைவிக்குத் தெரியாமலும், மனைவி வாங்கியது கணவருக்குத் தெரியாமலும், பிள்ளை செல்பேசிச் செயலியில் வாங்கியது இருவருக்கும் தெரியாமலும் மூன்று கடன்கள் ஒரே கூரையின்கீழ் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில், எவருடைய சிக்கனத்துக்கும் பயன் இல்லை. ஆகவே, கடனிலிருந்து மீள விரும்புபவரின் முதல் கடமை செலவைக் குறைப்பதன்று, கணக்கை மறைக்காதிருப்பது.

இங்கே ஒரு வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தாமே வெளிப்படுத்துவது வேறு, பிறர் அம்பலப்படுத்துவது வேறு. நுண்கடன் நிறுவனங்களின் கூட்டுப் பொறுப்புக் குழுவிலும் பெண்கள் அதேபோல வட்டமாகத்தான் உட்காருகிறார்கள். ஆனால் ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்களை அவர்மேல் ஏவுவதற்கு அந்த வட்டமே கருவியாகிவிடக்கூடும். சட்டத்துக்குப் புறம்பான கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் திருடி, உறவினருக்கெல்லாம் இழிவான செய்தி அனுப்பியதும் நாடறிந்தது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003-இலேயே சட்டம் கொண்டுவந்தது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மொத்த மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வரம்பு வகுத்தது. ஆனால் தண்டலும் கைமாற்றும் எந்தச் சிபில் அறிக்கையிலும் ஏறாததால், அந்த வரம்பைக் காப்பது பல வேளை கடன் வாங்குபவரின் வாய்மையையே சார்ந்து நிற்கிறது.

கணக்கு வெளிச்சத்துக்கு வந்தபின் குறைப்பு தொடங்குகிறது. அநீதி நுழைவதும் அங்கேதான். எந்தச் செலவு எதிர்த்துப் பேசாதோ அதுவே முதலில் வெட்டப்படுகிறது. தவணை தவறினால் வண்டியைத் தூக்கிச் செல்ல ஆள் வருவான். மொய் தவறினால் சொந்தபந்தம் பேசும். பாலின் அளவு அரை லிட்டரிலிருந்து கால் லிட்டரானால் ஒருவரும் வந்து கேட்பதில்லை. மீந்ததைத் தான் உண்டு நாளைக் கடத்தும் பெண்ணின் பசியும், தள்ளிப்போடப்படும் பல்வலியும், கண்ணாடி மாற்றாத முதியவரின் மங்கிய பார்வையும் எந்தப் பேரேட்டிலும் செலவாகவோ சேமிப்பாகவோ பதிவாவதில்லை. ஆனால் அவைதாம் பல வீடுகளில் கடனை அடைக்கின்றன. எனவே ஒரு வீட்டின் சிக்கனத்தை உரைக்க வேண்டிய உரைகல், எவ்வளவு மிச்சமானது என்பதன்று. அந்த மிச்சம் யார் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அவரைக் கேட்டு எடுக்கப்பட்டதா என்பதே.

திருப்பித் தரும் வரிசையிலும் இதே சிக்கல் உண்டு. கணக்கின்படி, வட்டி மிகுந்த கடனை முதலில் அடைப்பதே அறிவுடைமை. தண்டலை முதலிலும், வட்டியில்லாக் கைமாற்றைக் கடைசியிலும் வைக்கும்படி அது சொல்லும். கைமாற்று என்பது சீட்டோ சாட்சியோ இல்லாமல், அவசரத்துக்கு நம்பிக் கொடுக்கும் சிறு தொகை. ஒரே ஷிஃப்டில் வேலை செய்பவரோ பக்கத்து வாடகை வீட்டுக்காரரோ தம் தேவையை ஒதுக்கிவைத்து அதைக் கொடுத்திருப்பார். அவர் கேட்க மாட்டார் என்பதாலேயே அவர் பணம் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. மிரட்டுபவருக்கு முதலிடமும் நம்பியவருக்குக் கடைசி இடமும் கிடைக்கின்றன. இது வட்டிக் கணக்கில் சரியாகவும் அறக் கணக்கில் கொடிதாகவும் உள்ள முடிவு. எல்லாக் கைமாற்றையும் முதலில் அடைத்துவிடத் தண்டலின் வேகம் இடம் கொடுக்காது என்பதும் உண்மையே. ஆனால், எந்த மாதத்தில் எவ்வளவு தர முடியும் என்று அவரிடம் நேரில் சென்று சொல்வதற்கும், சிறு தொகையையாவது மாதந்தோறும் தருவதற்கும், அவருக்கே அவசரம் வந்தால் வரிசையை மாற்றுவதற்கும் எந்த வட்டிக் கணக்கும் தடையாக நிற்காது. அவரைக் கண்டால் தெரு மாறிப் போகும் பழக்கம், வட்டியைவிடப் பெரிய இழப்பைக் கொண்டுவரும். அடுத்த அவசரத்தில் அந்தத் தெருவில் உதவும் கை ஒன்று குறைந்திருக்கும்.

மொய்யும் சீரும் இதே தராசில் வைக்கப்பட வேண்டியவை. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் வைக்கும் மொய் வெறும் ஆடம்பரமன்று. வங்கி எட்டிப் பாராத காலத்தில் ஊரே ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிய வட்டியில்லா நிதி அது. முன்பு பெற்ற மொய்யைத் திருப்பிச் செய்வது கடனடைப்புதான். அதை நிறுத்தச் சொல்லும் அறிவுரை, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனை ஏமாற்றச் சொல்வதாகிவிடும். ஆனால் பெற்றதைவிடக் கூடுதலாக எழுதி மதிப்பைக் காட்ட வேண்டும் என்ற வழக்கத்துக்கு அந்த நியாயம் கிடையாது. அடகுக் கடையில் நகை வைத்து மொய் எழுதுபவர், இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டுகிறார். உதவிக்கும் அளவு கேட்ட வள்ளுவரின் எச்சரிக்கை அவரைத்தான் தொடுகிறது.

மருத்துவச் செலவிலோ வேலை இழப்பிலோ மூழ்கிய வீட்டுக்கு இவை எவையும் முழு விடையாகா. மூன்று மாதம் வேலையில்லாத ஒப்பந்தத் தொழிலாளியிடம் செலவுக் கட்டுப்பாட்டைப் பேசுவது, வற்றிய கிணற்றில் கயிற்றின் நீளத்தைப் பற்றிப் பேசுவது போன்றது. அங்கே வேண்டுவது கூலியும் வேலைப் பாதுகாப்பும்தான்.

கடைசித் தவணை முடியும் மாதம் வேறொரு சோதனையைக் கொண்டுவருகிறது. முன்னே கணக்கிட்ட நிலை வட்டிக் கடனுக்கு அதுவரை மாதந்தோறும் போய்க்கொண்டிருந்த 3,100 ரூபாய் திடீரெனக் கையில் நிற்கும். ஒழுங்காகக் கட்டியவர் என்ற பதிவே, புதிய கடனுக்கான அழைப்பைச் செல்பேசிக்குக் கொண்டுவரும். அந்தத் தொகை யாருடையது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் வீட்டிலேயே ஓர் அடகுச் சீட்டில் எழுதியிருக்கிறது. நெருக்கடி வந்தபோது முதலில் கழன்றது பெண்ணின் கழுத்துச் சங்கிலி. இரண்டு ஆண்டுகளாக வட்டி மட்டும் கட்டி, சீட்டை மாற்றி மாற்றி எழுதி வைத்திருப்பது அதற்காகத்தான். புது வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சீட்டை எடுத்து, பாக்கி எவ்வளவு, எத்தனை மாதத்தில் மீட்கலாம் என்று அவரையும் அருகில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அதுவரை அந்த வீட்டின் கடன் தீர்ந்ததாகாது.