பெயர் எழுதும் ஆசை

பள்ளிப் பிள்ளைகளோடு ஒருநாள் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தேன். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் சுவரில் ஒரு சிறுவன் ஆணியால் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். ஆசிரியர் கண்டித்தார்.

"நகர வாயிலில் அவர்கள் ராஜா முத்திரை இருக்கிறதே, சார்! அது மட்டும் தப்பில்லையா?" என்றான் அவன்.

ஆசிரியர் திகைத்தார், நானும்தான். 1792இல் கட்டிய அந்த வாயிலுக்கு அரசனா கல் சுமந்தான்? பெயரை நிலைநாட்டும் ஆசை அரசனுக்கும் சிறுவனுக்கும் ஒன்றே அல்லவா?

கடற்கரைக்கு நடந்தோம். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. கடல் எவர் பெயரையும் படித்துப் பார்ப்பதில்லை.

அங்கேதான் எனக்கு விடை தோன்றியது. "தம்பி, அரசன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. கல் சுமந்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு: நாமும் பெயர் எழுதாமல், இருப்பதை அடுத்து வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவது" என்றேன்.

சிறுவன் சற்று யோசித்தான். பிறகு ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், எறிந்துவிடவில்லை.