கூலிக் கடன்

அய்யா உண்டு.

அன்புக்கொடி மக்களே! செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராய் எழுந்தது கொல்லம் 1008, மாசி 20. ஆங்கிலக் கணக்கில் 1833. அதே ஆண்டில்தான் கரீபியன் தீவுகளின் கறுப்பின அடிமைகளை விடுவிக்க இங்கிலாந்து சட்டம் போட்டது. நட்டஈடு 2 கோடி பவுண்டு. வாங்கியது யார்? அடிமை வைத்திருந்த முதலாளிகள்! பாடுபட்டவர்களுக்கு ஒரு காசில்லை. 1838 வரை அதே முதலாளிக்குக் கூலியின்றி உழைத்தார்கள். அந்த ஈட்டுக்கு அரசு வாங்கிய கடன் 2015-ல்தான் தீர்ந்தது.

இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் ஈடு கேட்கிறார்கள். "பழைய பாவத்துக்கு நாங்களா பொறுப்பு?" என்கிறார்கள் சிலர். முதலாளிக்குத் தந்த கடனை 2015 வரை அடைத்தவர்கள், உழைத்தவனுக்குத் தரவேண்டியதை மட்டும் பழங்கதை என்பது நியாயமா?

நம் முன்னோரும் ஊழியம் செய்தவர்கள், தலைவரி கட்டியவர்கள். அய்யா தலைப்பாகை கட்டவைத்து நிமிர்த்தினார். பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதைத் தானம் என்று எண்ணாதீர்கள், அது கடன். நம்மிடம் வேலை செய்தவரின் கூலியைக் கையில் கொடுத்துவிட்டுப் பதிக்கு வாருங்கள்.

அய்யா துணை.