கோப்பையும் தோழமையும்

நாம் வாழும் கொடுமுடி, பாட்டால் பெயர் பெற்ற ஊர். 1908இல் கே.பி. சுந்தராம்பாள் பிறந்தது இங்கேதான். சற்றுத் தொலைவிலுள்ள அறச்சலூர் நாகமலையில், கற்படுக்கைகள் அமைந்த சமணக் குகையிலே, தாளக்கட்டுகளைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்து வைத்துள்ளனர். ஆதலின் சமணம் இசைக்குப் பகையென்பாரோடு நாம் உடன்படுவதில்லை. நம்மை வருத்துவது வேறொன்று. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கு வரும் வண்டிகளிலும் திருமண மண்டபங்களிலும் குடியைக் கொண்டாடும் திரைப்பாடல்கள் முழங்குகின்றன. நம் இல்லத்துப் பிள்ளைகளும் தாளமிடுகின்றனர். ‘பாடினால் குடித்ததாகுமா?’ என்று அவர்கள் கேட்பது நியாயமே.

தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரைக் கண்டு உடன்பட்டு மகிழ்தல் என வினை வரும் வழி மூன்று என்பர் நம் ஆசாரியர். மெட்டை மட்டுமே சுவைக்கிறோம் என்பாரும் உளர், இருக்கலாம். ஆயினும் அப்பாடல்களில் தோழனுக்கு என்ன வேலை? பெரும்பாலும் கோப்பையை நிரப்புவதே. சரத் சந்திரரின் ‘தேவதாஸ்’ கதையை 1953இல் வந்த திரைப்படத்தால் நம் தலைமுறையினர் நன்கறிவர். அங்கும் நாயகனைக் குடிக்கு அழைத்துச் செல்பவன் நண்பனே. தெருவில் விழுந்து கிடந்தவனை எடுத்துச் சென்று பேணியவளோ, உலகம் இகழ்ந்த நடனமாது சந்திரமுகி.

பாட்டை விடுவோம். நம்மவர் ஒருவர் குடிக்கத் தொடங்கினால் நாம் செய்வது என்ன? வாய் மூடுகிறோம். சிறிய சமூகம், செய்தி பரவினால் பெண் கொடுக்க மாட்டார்கள். நற்காட்சியின் உறுப்புகளுள் ‘அறப்பழி நீக்கல்’ இருக்கிறதே, குறையை மறைப்பது தருமந்தானே என்று நூலையும் துணைக்கு அழைக்கிறோம். அதனை அடுத்தே ‘அழிந்தாரை நிறுத்தல்’ நிற்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

அதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் சிரேணிக மன்னனின் மைந்தர் வாரிசேன முனிவர். அவருடைய தோழர் புஷ்பதாலர் துறவு பூண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் மனைவியையே நினைந்து உருகினார். வாரிசேனர் அவரைச் சங்கத்தின் நடுவே நிறுத்திப் பழிக்கவில்லை; கண்டும் காணாததுபோல் இருக்கவுமில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்றார். மகன் தவறினானோ என்று ஐயுற்ற தாய் இரண்டு ஆசனங்கள் இட, எளியதில் அமர்ந்தார். தாம் துறந்த மனைவியரை அணிகலன்களோடு வரவழைத்து, ‘இவற்றையெல்லாம் நீயே ஏற்றுக்கொள்’ என்றார். தோழர் நாணித் தெளிந்தார். இங்கே உபதேசம் குறைவு. உடன் நடந்தது அதிகம்.

1935இல் அமெரிக்காவில் இரு குடிநோயர் ஒருவருக்கொருவர் துணை நின்று தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இன்று நம் நாட்டிலும் உண்டு. அங்கே பெயரை மறைப்பதும் விழுந்தவரைத் தாங்குவதும் சேர்ந்தே நிகழ்கின்றன. நம் இரண்டு உறுப்புகளையும் அவர்கள் பிரிக்கவில்லை!

கள்ளும் ஊனும் தேனும் விலக்குவதாக ஒரு விரதம் கொடுத்தால் போதும் என்று எண்ணும் பெரியோர் ஒன்றை அறிதல் வேண்டும். பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் தனியே போக மாட்டார். யாரேனும் அழைத்துப் போக வேண்டும்.