மூலப்படி இல்லாத வழக்கு

அண்மையில் இளைஞர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டு வந்தார். பாஹ் இயற்றிய ஆறு செல்லோ தனியிசைத் தொகுப்புகளையும் கேட்க வேண்டுமென்பது அவர் ஆவல். ஒலிப்பதிவுகளோ ஏராளம், எதை வாங்குவது? மேலோட்டமாகப் பார்த்தால் இது கடைத்தெருக் கேள்விதான். ஆயினும் விடையளிக்க முற்பட்டபோது, ஒரு காஜியின் பொறுப்பு நம் தலையில் ஏறியிருப்பதை உணர்ந்தோம்.

இசை கேட்பது ஆகுமா என்ற மார்க்கச் சர்ச்சையை இங்கே கிளற நாம் விரும்பவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் அதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளார்கள். விரும்புவோர் ஆங்கே காண்க. நாம் எடுத்துக்கொண்ட வினா வேறு.

ஜெர்மனியின் கோத்தன் நகரச் சிற்றரசரிடம் பாஹ் பணியாற்றிய காலத்தில், 1720-ஐ ஒட்டி, இத்தொகுப்புகள் பிறந்தன. செல்லோ என்பது முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் கருவி. பக்கவாத்தியம் எதுவுமின்றி அந்த ஒரு கருவியே அனைத்தையும் பேச வேண்டும். வியப்பு என்னவெனில், பாஹ் தம் கையால் எழுதிய படி காணாமற் போய்விட்டது. எஞ்சியவை பிறர் எடுத்த நகல்களே. அவர் மனைவி அன்னா மக்தலேனா எழுதியது ஒன்று; 1726-இல் கெல்னர் என்பார் எழுதியது மற்றொன்று; அந்நூற்றாண்டின் பிற்பகுதி நகல்கள் இரண்டு. கெல்னரின் நகலில் ஐந்தாம் தொகுப்பின் சரபாண்ட் நடனமே விடுபட்டிருக்கிறது. எந்தெந்தச் சுரங்களை ஒரே வில்வீச்சில் இணைப்பது என்பதிலும் நகலுக்கு நகல் முரண்பாடு. அசல் பத்திரம் தொலைந்த வழக்கு இது; சாட்சிகள் மட்டுமே உளர்.

நாம் முதலில் கேட்டது பாப்லோ கசல்ஸின் வாசிப்பை. 1890-இல், 13 வயதுச் சிறுவனாக, பார்சிலோனாவின் பழைய இசைநூற் கடையொன்றில் இத்தொகுப்புகளின் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தவர் அவர். 1936 முதல் 1939 வரை, தாயகமான ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் எரிந்து அடங்கிய ஆண்டுகளில், லண்டனிலும் பாரிசிலும் ஆறினையும் பதிந்தார். ஐந்தாம் தொகுப்பை அவர் பதிந்தது 1939-இல், பிராங்கோ வென்ற பின்னர். அதன் சரபாண்டில் கூட்டொலியே இல்லை. தனித்தனிச் சுரங்கள் இருளில் ஒன்றையொன்று தேடி நடக்கின்றன. அதைக் கேட்குந்தோறும் நாடிழந்த மனிதரின் துயரம் நம் நெஞ்சை அறுத்தது. பிராங்கோவின் ஆட்சியை ஏற்ற நாடுகளில் வாசிக்க மாட்டேன் எனப் பிற்காலத்தில் அவர் மறுத்து நின்றதும் நம் மதிப்பை வளர்த்தது.

இங்கேதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அத்துயரம் இசையில் இருந்ததா, அவர் வரலாற்றை நாம் அறிந்திருந்ததில் இருந்ததா?

ஹதீஸ் கலை வல்லார் அறிவிப்பாளரிடம் நேர்மையை மட்டும் பார்த்ததில்லை. நினைவின் துல்லியத்தையும் பார்த்தனர். தக்வா மிக்க பெரியார் சிலரின் அறிவிப்பும் நினைவுத் தளர்ச்சியால் ளயீஃப் என ஒதுக்கப்பட்டதுண்டு. ஹதீஸின் தகுதிக்கு இசையை உயர்த்துவதன்று நம் நோக்கம். நிறுக்கும் முறையை மட்டும் இரவல் பெறுகிறோம். கசல்ஸ் மாமனிதர். அதனாலேயே அவர் வில்வீச்சு பாஹின் கருத்து ஆகிவிடாது.

அன்னர் பைல்ஸ்மா என்ற டச்சுக் கலைஞர் 1979-இல் பழங்காலச் செல்லோவில், எஃகுத் தந்தியை நீக்கிக் குடல் நரம்பு பூட்டி, இவற்றைப் பதிந்தார். முதன்முறை கேட்டபோது, "என்ன வறட்சி!" என்று ஒதுக்கிவிட்டோம். ஆண்டுகள் பல கழித்தே அது அநீதி என்று புரிந்தது. ஓசை நீளாமல் உதிர்கிறது. உதிர்வதால் நடனத்தின் காலடி கேட்கிறது. பிறர் கவனக்குறைவு எனத் தள்ளிய அன்னா மக்தலேனாவின் இணைப்புக் கோடுகளை அவர் மெய்யாக எடுத்துக்கொண்டார். அதற்காக வாதாடிப் பின்னர் நூலும் எழுதினார். ஒரு பெண்ணின் சாட்சியத்தை எளிதில் தள்ளியவர்களுக்கிடையே இது சிறிய செயலன்று. எனினும் பழங்கருவி ஏந்திவிட்டால் உண்மை கைவந்துவிட்டது என எண்ணுவோர் கட்சியிலும் நாம் இல்லை. உரப்பும் மென்மையும், வேகமும் பற்றி ஏடுகள் ஏறத்தாழ மௌனமாயிருக்கின்றன. அந்த மௌனத்தை எவரும் தம் சொந்தப் பொருள் கொண்டுதான் நிரப்ப வேண்டியுள்ளது.

பியேர் ஃபூர்னியே 1960-இல் பதிந்தது கண்ணியமானது. குறை சொல்ல ஏதுமில்லை. ரஸ்த்ரபோவிச் 1991-இல் வெஸலே தேவாலயத்தில் பதிந்ததில் பெருமிதம் மிகுதி. நம் செவிக்குச் சற்றே அதிகம்.

இளைஞருக்குக் கசல்ஸ், பைல்ஸ்மா இரண்டையும் சொன்னோம். ஆனால் முதலில் பைல்ஸ்மாவைக் கேட்கும்படி வேண்டினோம். கசல்ஸ் முதலில் குடியேறிவிட்டால் மற்றவருக்குத் திண்ணையில் மட்டுமே இடம் கிடைக்கும். நமக்கு நேர்ந்தது அதுவே. அந்த வரிசையை இனி நாம் மாற்றிக்கொள்ள வழியில்லை.