பதில் சொல்ல ஓர் ஆள்

ஒட்டன்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் சொத்தையா என்று வெட்டிப் பார்த்து வாங்கலாம். மாத்திரையை அப்படிப் பார்க்க வழியில்லை. உள்ளே இருப்பது மருந்தா, வெறும் மாவா என்று நோயாளிக்குத் தெரியாது. எடுத்துக் கொடுக்கும் கடைக்காரருக்கும் தெரியாது. வாங்குபவரால் சோதிக்க முடியாத பொருளை விற்பவர், சோதிக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார். "வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை" என்று இணையத்தில் மருந்து விற்கும் ஒரு செயலி சொல்வது நீதிமன்றத்தில் எடுபடலாம். ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுத்துக்கொண்டு அப்படிச் சொல்வது நியாயமில்லை.

அதற்காக இணைய விற்பனையையே மூடிவிடலாமா? 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, மத்திய அரசு விதிகளை வெளியிடும்வரை அதற்குத் தடை விதித்தார். 2019 ஜனவரித் தொடக்கத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்திவைத்தது. வேடசந்தூர் நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வரும் ஒரு பெண், அம்மாவின் சர்க்கரை மாத்திரையைத் தள்ளுபடி விலையில் வீட்டுக்கே வரவழைத்தால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மாதா மாதம் மிச்சமாகும் பணம் அவளுக்குப் பெரிது.

ஆனால் அந்த அம்மாவுக்கு இன்சுலின் தேவைப்பட்டால் கதை வேறு. இன்சுலின் இருப்பை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். கடையில் அதற்கென ஃபிரிட்ஜ் இருக்கும். கூரியரில் வரும் பெட்டி சித்திரை வெயிலில் திண்டுக்கல் குடோனில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று எந்த ரசீதிலும் இருக்காது. தொழிற்சாலையை விட்டு நல்ல மருந்தாகப் புறப்பட்டது வழியிலேயே வீரியம் குறைந்துபோகலாம். இதில் மோசடி செய்தவர் என்று யாரும் இல்லை. ஆனாலும் கெடுதல் நோயாளியின் ரத்தத்தில் ஏறுகிறது.

சட்டம் இங்கே ஒரு கோடு கிழிக்கிறது. போலி மருந்தோ கலப்பட மருந்தோ உயிரைப் பறித்தால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. வெறும் தரக்குறைவு என்றால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுதான். 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்குப் பிறகு பணம் கட்டி வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. திட்டமிட்டுச் செய்தவனையும் அசட்டையாக இருந்தவனையும் வேறுபடுத்துவது சரிதான். மருந்தில் மட்டும் அந்த இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பது தவறு.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில், உரிமம் பெற்ற தொழிற்சாலையில் தயாரானது. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள், தமிழக ஆய்வகச் சோதனையில் 48.6 சதவீதம் இருந்தது. அது செயலியில் வாங்கிய மருந்து அல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்து, மெடிக்கலில் வாங்கியது. ஆகவே இணையம் மோசம், தெருக்கடை நல்லது என்ற வாதம் பாதி உண்மைதான். அந்த வழக்கில் சீட்டு எழுதியவர் யார், விற்ற கடை எது, தயாரித்த ஆலை எது, எந்தத் தொகுப்பு என்று பின்னோக்கிப் போக முடிந்தது. முகவரி இல்லாத ஒரு வாட்ஸ்அப் எண்ணில் வாங்கிய மாத்திரைக்கு அந்தத் தடமும் இல்லை.

செயலிகள் ரசீதில் விற்ற கடையின் பெயர், உரிம எண், தொகுப்பு எண், பொறுப்பு மருந்தாளுநர் பெயர் நான்கையும் அச்சிட வேண்டும். தொகுப்பு ஒன்று கெட்டது என்று தெரிந்தால் அதை வாங்கிய ஒவ்வொருவரையும் அன்றே அழைத்துச் சொல்ல வேண்டும். யார் எந்த மாத்திரை வாங்கினார் என்ற விவரம் செயலிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த மாத ஆர்டரை நினைவூட்ட அதைத்தான் பயன்படுத்துகின்றன.