பேயும் சிரித்தவர்களும்

பேய்க் கதைகள் இலக்கியமாகுமா என்று நமது இலக்கியக் கூட்டங்களில் எவரும் கேட்பதில்லை. கேட்காமலே 'ஆகாது' என்று விடை கூறியாயிற்று. நானும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தேன். ஆசிரியர் கலாசாலை விடுதியில் நண்பரொருவர் தந்த ஸ்டீபன் கிங்கின் 'கேரி' நாவலை, என் ஆங்கிலத்தைச் சீர்செய்துகொள்ளவே கையிலெடுத்தேன். வாசித்து முடித்தபோது எனக்கு இருட்டில் பயம் வரவில்லை. வகுப்பறையை நினைத்துத்தான் பயந்தேன்.

1974இல் வெளிவந்த அந்நாவலை எழுதியபோது கிங், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர். முதற் பக்கங்களை அவர் குப்பைக் கூடையில் எறிந்ததையும், மனைவி தபிதா அவற்றை எடுத்து வாசித்துவிட்டுத் தொடர்ந்து எழுதும்படி தூண்டியதையும் 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலொன்றில் கூறுகிறார். கேரி என்ற பாத்திரத்துக்கு மூலமாக அமைந்த, தம்மோடு படித்த இரு மாணவிகளையும் அதில் நினைவுகூர்கிறார். ஒருத்தி நாள்தோறும் ஒரே உடையில் வந்து கேலிக்காளானவள். நத்தார் விடுமுறை முடிந்து வந்தபோது புத்தாடை அணிந்து, தலைமுடியையும் புதுவிதமாக அலங்கரித்திருந்தாள். கேலி நிற்கவில்லை, கூடியது.

ஆசிரியர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய இடம் இது. கேலிக்கு ஆளாகும் பிள்ளையை அழைத்து, "நீ கொஞ்சம் சுத்தமாக வா, எல்லாரோடும் சேர்ந்து இரு" என்று புத்தி சொல்வது நமது வழக்கம். காரணத்தை நீக்கினால் கொடுமை நீங்கும் என்பது நமது நம்பிக்கை. அந்தப் பெண்ணின் புத்தாடை அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது. வகுப்பு அவளது உடையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு ஒருவர் அதற்குத் தேவைப்பட்டார். அவள் அந்த இடத்தை விட்டு எழுந்தால் அடுத்து அதில் அமரப் போவது யார்?

நாவலில் கேரி, மதவெறி கொண்ட தாயிடம் வளர்பவள். தான் பெரியபிள்ளையானது என்னவென்றே தெரியாமல் பாடசாலைக் குளியலறையில் அலறுகிறாள். சக மாணவிகள் அவள்மீது பொருட்களை எறிந்து சிரிக்கிறார்கள். அங்கே வரும் ஆசிரியை டெஸ்ஜார்டின் முதலில் கேரியின் கன்னத்தில்தான் அறைகிறார். அருவருப்பில் ஒரு கணம் அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். பிறகுதான் நிலைமை புரிந்து மற்றவர்களைத் தண்டிக்கிறார். மனத்தாலேயே பொருட்களை அசைக்கும் கேரியின் சக்தி பின்னர் ஊரையே எரிக்கிறது. ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த அறைதான்.

கேலி செய்தவர்களில் ஒருத்தியான சூ மனம் வருந்துகிறாள். பரிகாரமாகத் தன் காதலனையே கேரியுடன் பாடசாலை நடன விழாவுக்கு அனுப்புகிறாள். கேரி மேடையேறுவது அந்த நல்ல மனத்தால்தான். அந்த மேடையில்தான் அவள்மீது பன்றி இரத்தம் கொட்டப்படுகிறது. மண்டபம் சிரிக்கிறது. அவர்கள் எல்லாரும் தீயவர்கள் அல்லர். அவளைக் கண்டால் சிரித்தே பழகியவர்களுக்கு அவளுக்காக அழத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சுவீடன் எழுத்தாளர் ஜோன் ஐவிட லின்ட்குவிஸ்ட் 2004இல் எழுதிய நாவலிலும் இப்படியொரு பிள்ளை உண்டு. ஸ்டொக்ஹோம் புறநகரில் வாழும் பன்னிரண்டு வயது ஒஸ்கார் சக மாணவர்களால் வதைபடுகிறான். அவனுக்கு வாய்த்த ஒரே துணை இரத்தம் குடிக்கும் எலி என்ற பிள்ளை. நீச்சல் தடாகத்தில் எலி, வதைத்தவர்களைக் கொல்லும்போது வாசகன் மகிழ்கிறான். நானும் மகிழ்ந்தேன். ஒரு நிமிடம் கழித்துத்தான், சிறுவர்கள் இறந்ததற்கல்லவா மகிழ்ந்தேன் என்பது உறைத்தது. வதைபட்டவருக்கு வதைக்கும் உரிமை வந்துவிடுமா? வராது என்பதே என் முடிவு. ஆனால் அதைச் சொல்லும் தகுதி, சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இல்லை.

பேய்க் கதை கூறும் பெரிய பொய், பாதிக்கப்பட்டவருக்குச் சக்தி பிறக்கும் என்பதுதான். கிங் நாவலை எழுதத் தொடங்கியபோது அந்த இரு பெண்களும் உயிரோடில்லை. அவர்கள் எந்த ஊரையும் எரிக்கவுமில்லை. வகுப்பறைகளில் பெரும்பாலும் நடப்பது, இடாப்பில் ஒரு பெயர் வெட்டப்படுவது மட்டுமே.

அப்படியொரு பெயரை நானும் வெட்டியிருக்கிறேன். என் ஆரம்ப காலத்தில் தரம் எட்டில் திக்குவாயுள்ள மாணவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் இடாப்புக் கூப்பிடும்போது அவன் பதில் சொல்லத் திணறினான். பின்வாங்கிலிருந்து ஒருவன் அதேபோலத் திக்கிக் காட்ட, வகுப்பே சிரித்தது. நானும் புன்னகைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, புன்னகை மட்டும்தான். ஆனால் வகுப்புக்கு அது அனுமதியாகிவிட்டது. அடுத்த தவணையில் அவன் வரவில்லை.

இன்று அவன் சந்தையில் கடை வைத்திருக்கிறான். கண்டால் ஸலாம் சொல்லி, "சேர்" என்று மரியாதையாகத் திக்கித் திக்கிப் பேசுகிறான். மன்னிப்புக் கேட்க நினைத்துப் பலமுறை போயிருக்கிறேன். சீனியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். கேட்டால் ஆறுதல் கிடைப்பது அவனுக்கா, எனக்கா? சூவின் பரிகாரம் யாருக்காக என்ற கேள்வி என்னைத் தடுக்கிறது. ஆனாலும் இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பது வெறும் கோழைத்தனம்தானோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.