எது அண்ணனுடையது?

காலமானவரின் செருப்பை யாரும் போட்டுக்கொள்வதில்லை. சட்டை வேட்டியை யாருக்காவது கொடுத்துவிடுகிறோம். கைக்கடிகாரத்தை மட்டும் மகன் எடுத்துக் கட்டிக்கொள்கிறான். இந்தப் பேதம் எதற்காக என்று நான் யோசித்ததே இல்லை, என் அண்ணனுடைய ஹெட்போன் என் கைக்கு வந்து சேரும் வரையில்.

அவர் போனது 2019-ல். "இதை நீங்க வச்சுக்குங்க தம்பி" என்று அண்ணிதான் கொடுத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியோடு அலமாரியில் வைத்தேன். நான்கு வருஷம் கழித்து எடுத்து மாட்டிக்கொண்டேன். கழற்றிப் பார்த்தால் கன்னம், காது, சட்டைக் காலர் எல்லாம் மஞ்சள் பொடி. காதில் படும் ஸ்பாஞ்சு மெத்தை பழம் பிட்டுப்போல் உதிர்ந்துகொண்டிருந்தது.

அது சென்ஹைசர் கம்பெனி 1968-ல் வெளியிட்ட எச்.டி. 414 என்ற மாடல். அதற்கு முன்னால் ஹெட்போன் என்றால் பெரும்பாலும் காதை இறுக மூடும் கனத்த கிண்ணங்கள்தாம். இதில் மூடுவதே கிடையாது. துளைகள் போட்ட லேசான பிளாஸ்டிக் வட்டு, அதன்மேல் மஞ்சள் ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். உள்ளே வாசிப்பது வெளியே கசியும். வெளியே நடப்பதும் காதில் விழும். குறை என்று சொல்லத் தோன்றும் இந்தக் குணமே அதற்குப் பெருமை தேடித் தந்தது. காதை அடைத்த மாதிரி இல்லாமல் கச்சேரி சற்றுத் தள்ளி நடப்பதுபோல் கேட்டது. அண்ணன் 1973-ல் ஹானோவருக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்குப் போயிருந்தார். அந்தக் கம்பெனி பிறந்ததே ஹானோவருக்குப் பக்கத்தில் வென்னபோஸ்டல் என்ற கிராமத்தில்தான். இரண்டாவது ஸ்வெட்டர் வாங்க வைத்திருந்த பணத்தில் இதை வாங்கினாராம். குளிரைப் பற்றி அப்புறம் ஏன் புகார் செய்தார் என்பது வேறு கதை.

ஸ்பாஞ்சு பாலியூரிதேன் என்னும் சரக்கு. காற்றின் ஈரமும் பிராணவாயுவும் வெளிச்சமும் அதன் நீண்ட சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொடியாகும். உபயோகித்தாலும் அறும், பெட்டியில் பூட்டி வைத்தாலும் அறும். சென்னைப் புழுக்கத்தில் கொஞ்சம் சீக்கிரமாகவே. ஆக, நான்கு வருஷம் நான் காப்பாற்றி வந்ததாக நினைத்தது வெறும் நினைப்புதான்.

புது மெத்தை வாங்கினேன். மாற்றுவதற்குத் திருகாணி வேண்டாம், பசை வேண்டாம். பழையதை விரலால் உருவிவிட்டுப் புதியதை விளிம்பில் இழுத்து மாட்ட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மெத்தை வந்து இரண்டு வாரம் மேஜைமேல் கிடந்தது. எனக்குக் கை வரவில்லை.

இத்தனைக்கும் அதில் மாற்றாதது என்ன இருக்கிறது? ஜெர்மன் செருகி நம் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் நுழையவில்லை என்று வந்த மாதமே அதை வெட்டி எறிந்தோம். பற்றாசு வைக்க விளக்குப் பிடித்தவன் நான்தான். 1988-ல் ஒயரையும் மாற்றினோம். அப்போதெல்லாம் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

கிரேக்கர்களிடம் பழைய வழக்கு ஒன்று உண்டு. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதன்ஸ் நகரத்தார் போற்றி வைத்திருந்தார்கள். பலகை உளுக்க உளுக்கப் புதுப் பலகை வைத்தார்கள். அது பழைய கப்பல்தானா, இல்லையா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாக நின்றார்கள் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் இதில் ஒரு குறும்பு செய்தார். கழித்துப் போட்ட பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, அதே வரிசையில் இன்னொரு கப்பலைக் கட்டிவிட்டால் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டார்.

எனக்கு இந்த வழக்கில் ஒரு மனத்தாங்கல் உண்டு. வாதி, பிரதிவாதி இருவருமே பலகைகள் எல்லாம் ஒன்று என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அடித்தளத்துப் பலகையும், அவன் கை பிடித்துப் பிடித்து வழவழப்பான துடுப்பும் ஒன்றாகுமா? ஒயர் அண்ணனுடைய காதில் பட்டதில்லை, மெத்தை பட்டது. செருப்பும் கைக்கடிகாரமும் வேறு வேறாவது இந்த இடத்தில்தான் என்று தோன்றியது.

ஆனால் இதை எனக்கே ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. ஆகவே கௌரவமான வேறொரு நியாயத்தைத் தேடிக்கொண்டேன். மெத்தை வெறும் சொகுசுக்கு வைத்ததல்ல. காதுக்கும் உள்ளே அதிரும் தகட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நிர்ணயிப்பது அதுதான். நைந்து தட்டையானால் தகடு காதை நெருங்கும். நாதத்தின் நிறமே மாறிவிடும். ஆகையால் புது மெத்தை போட்டால், அண்ணன் உயிரை விட்ட ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அவர் கேட்டபடி எனக்குக் கேட்காது. எவ்வளவு அழகான நியாயம்! ஆனால் எந்த வருஷத்துத் தோடி? முப்பது வயசில் கேட்டதா, எழுபத்தைந்தில் கேட்டதா? மெத்தை நாளுக்கு நாள் தட்டையாயிற்று. அவர் காதும் சும்மா இருக்கவில்லை. வயசானால் முதலில் காதை விட்டுப் போவது உச்ச ஸ்வரங்கள்தாம். அவர் கேட்டபடி என்று ஒன்று எந்தக் காலத்திலும் நிலையாக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இத்தனை யோசனை? உங்க அண்ணனே மூணு தடவை மாத்தினாரே! ஜெர்மனிக்குப் போற ஆள் யார் அகப்பட்டாலும் இதைத்தானே வாங்கிட்டு வரச் சொல்லுவார்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஸ்பாஞ்சு நாற்பத்தாறு வருஷம் தாங்காது என்று கணக்குப் போட எனக்குத் தோன்றவே இல்லை. ஹெட்போனைக் கவிழ்த்துப் பிடித்து, பொடி துளை வழியாகத் தகட்டில் விழாதபடி தூரிகையால் தட்டி, துடைத்து, புது மெத்தையை மாட்டினேன். தோடியைப் போட்டேன். நன்றாக இருந்தது. அண்ணியிடம் நீட்டினேன்.

"வேண்டாம் தம்பி. நீங்க போட்டுக்குங்க. நான் இங்கேருந்தே கேட்டுக்கறேன்."

அவர் ஒரு நாளும் அதைக் காதில் வைத்ததில்லை. ராத்திரி அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, கொசுவின் ரீங்காரமாகக் கசிந்து வந்ததைக் கேட்டவர். அவருக்குத் தெரிந்த ராஜரத்தினம் பிள்ளை அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

பழைய மெத்தையைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் அது கூடையில் இல்லை. அண்ணியின் பையருகே ஒரு காலி விபூதி டப்பி இருந்தது. மூடியின் ஓரத்தில் மஞ்சளாய் ஒட்டியிருந்தது.

"மூணு தடவை மாத்தினார்னு சொன்னீங்களே அண்ணி. அப்பல்லாம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"அப்பல்லாம் தூக்கித்தான் போட்டேன்" என்றார் அண்ணி. "அதான் அவர் இருந்தாரே."